வீட்டு லார் தெய்வத்துக்கு இட்ட தூபம்: ரோமானியத் திரைப்படங்கள் காட்டுவது சரிதானா?

மாடக்குழி (கேள்வி)

வணக்கம். வெசுவியஸ் எரிமலை வெடிப்பதற்குச் சில மாதங்கள் முன்னால், பொம்பெய் நகரத்து நடுத்தர வீடு ஒன்றில் ஒரு காலைப்பொழுது எப்படி விடிந்திருக்கும் என்பதை வைத்து எட்டு நிமிடக் குறும்படம் ஒன்றை நானும் நண்பர்கள் மூவரும் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் லார் எனப்படும் வீட்டுக் காவல் தெய்வத்துக்குத் தூபம் இடும் காட்சி ஒன்று வருகிறது. ரோமைக் களமாகக் கொண்ட திரைப்படங்களில் இத்தகைய காட்சிகளைத் தேடிப் பார்த்தபோது பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தன. இருட்டறை, வரிசையாக எரியும் மெழுகுவத்திகள், அறை முழுவதையும் நிறைக்கும் புகை, அதன் நடுவே மண்டியிட்ட ஒருவர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளாடியேட்டர்’ படத்தில் மாக்சிமஸ் தன் மனைவி, மகன் ஆகியோரின் சிற்றுருவங்களை வைத்துக்கொண்டு முன்னோரை வேண்டும் இடம் மனத்தைத் தொடுகிறது. ஆனால் அது போர்ப்பாசறையில் ஒரு தனி மனிதன் செய்யும் வேண்டுதல். ஒரு வீட்டில் அன்றாடம் நடந்ததை அதிலிருந்து அறிந்துகொள்ள முடியவில்லை.

அவர்கள் எதை எரித்தார்கள், எவ்வளவு எரித்தார்கள், எளிய குடும்பத்துக்கு அது கட்டுப்படியானதா, வீட்டில் அதைச் செய்தவர் யார் என்பவற்றை அறிய விரும்புகிறேன். வசனத்தில் ‘சாம்பிராணி’ என்று எழுதலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை நடந்துகொண்டிருக்கிறது. திரையில் மணம் வரப்போவதில்லை, பிறகு எதை எரித்தால் என்ன என்று எங்கள் படத்தொகுப்பாளர் கேட்கிறார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பழஞ்சுவடி

நல்ல கேள்வி. முதலில் இடத்தை மாற்றுங்கள். வீட்டுத் தெய்வங்களின் மாடம் முற்றத்தில் இருந்ததும் உண்டு, தோட்டத்தில் இருந்ததும் உண்டு. ஆனால் பொம்பெயில் ஏராளமான மாடங்களும் சுவரோவியங்களும் சமையலறையில், அடுப்பை ஒட்டிக் கிடைத்திருக்கின்றன. புகழ்பெற்ற வெட்டியி இல்லத்தின் மாடமும் விருந்தினர் வந்து வியக்கும் பெருங்கூடத்தில் இல்லை, வேலைக்காரர் புழங்கிய சிறு முற்றத்தில், சமையலறைக்கு அருகில்தான் இருக்கிறது. பொம்பெய் வீடுகளில் கழிப்பிடத்தையும் பல நேரங்களில் சமையலறையிலேயே, அல்லது அதை ஒட்டியே அமைத்தார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எண்ணெய்ப் புகை, உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன்சாறு, கழிப்பிடத்து வாடை ஆகிய எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்தச் சிட்டிகைத் தூபம் மணந்தது. திரைப்படங்கள் காட்டும் தனிப் பூசையறையின் தூய அமைதி நம்முடைய கற்பனை.

வெட்டியி இல்லத்து ஓவியத்தையே உங்கள் காட்சிக்கு வரைபடமாக வைத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்பவர் குடும்பத் தலைவரின் காவலாற்றலான ஜீனியஸ். தோகா என்னும் மேலாடையின் மடிப்பால் தலையை மூடியிருக்கிறார், ஒரு கையில் மது வார்க்கும் தட்டும் மறு கையில் அக்கெர்ரா எனப்படும் தூபப் பெட்டியும் வைத்திருக்கிறார். இரு பக்கமும் லார் தெய்வங்கள் இருவர் கொம்புக் கிண்ணத்தை உயர்த்தி நடனமாடுகிறார்கள், கீழே ஒரு பாம்பு படையலை நோக்கி ஊர்ந்து வருகிறது. அந்தப் பெட்டியின் அளவைக் கவனியுங்கள். ஒரு கைக்குள் அடங்கும் பெட்டி அது, அறையையே புகையால் நிரப்பும் அளவுக்கு அதில் எதுவும் கொள்ளாது.

யார் செய்தார்கள் என்று கேட்டீர்கள். குடும்பத் தலைவர் மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். பிளாட்டஸின் ‘அவுலுலாரியா’ நாடகத்தின் தொடக்கத்தில் லார் தெய்வமே மேடைக்கு வந்து, இந்த வீட்டுக் கஞ்சன் தன்னைக் கண்டுகொள்வதில்லை என்றும், அவனுடைய மகள்தான் நாள்தோறும் தூபமோ மதுவோ வேறு எதுவோ கொடுத்து, மாலையும் சாத்துகிறாள் என்றும் சொல்கிறது. கேட்டோ தம் வேளாண்மை நூலில், மாதத்தின் குறிப்பிட்ட நாள்களிலும் திருநாள்களிலும் அடுப்புக்கு மாலை சாத்தி லாரை வேண்டும் பொறுப்பைப் பண்ணைக் கண்காணியின் துணைவியிடம் ஒப்படைக்கிறார். அவள் ஓர் அடிமைப் பெண். மாதந்தோறும் பழைய லாருக்குத் தூபம் செலுத்தும் நாளுக்குத் திரும்பிச் செல்ல வேண்டும் என்று ஏங்குகிறார் கவிஞர் திபுல்லஸ். நாள்தோறுமா மாதந்தோறுமா என்பது வீட்டைப் பொறுத்தது போலும்.

அளவைப் பற்றி இலத்தீன் எழுத்தாளர்கள் வியக்கத்தக்க ஒருமனத்தோடு பேசுகிறார்கள். யுவெனாலின் பாடல் ஒன்றில் பணமுடை கொண்ட ஒருவன், “என் சின்னஞ்சிறு லார்களே, பொடித் தூபத்தாலும் மாவாலும் மெல்லிய மாலையாலும் உங்களை நான் வேண்டுவது வழக்கம்” என்ற பொருளில் புலம்புகிறான். ஓவிட் காட்டும் கிழவி ஒருத்தி வேறொரு சடங்குக்காக மூன்று விரல்களால் மூன்று தூபத் துண்டுகளை எடுத்து வாசற்படியின் கீழ் வைக்கிறாள். மூத்த பிளினிக்கு இதில் கோபமே வருகிறது. கடவுளருக்கு ஒவ்வொரு மணியாக இடுவதைப் பிணங்களுக்குக் குவியல் குவியலாகக் கொட்டுகிறார்கள் என்று சாடும் அவர், நீரோ தன் மனைவி பொப்பேயாவின் ஈமச்சடங்கில் அரேபியாவின் ஓராண்டு விளைச்சலை ஒரே நாளில் எரித்துவிட்டதாக அறிந்தவர்கள் கூறுவதையும் எழுதுகிறார். ஆக, புகைமண்டலம் வேண்டுமென்றால் அரண்மனைச் சாவை எடுங்கள். சமையலறை மாடத்துக்கு ஒரு மணி போதும்.

கட்டுப்படியானதா என்பதற்குக் கணக்கே போட்டுவிடலாம். பிளினி தரும் விலை, முதல்தரத் தூபம் ஒரு ராத்தலுக்கு 6 தெனாரியஸ், கடைத்தரம் 3. ரோமானிய ராத்தல் ஏறத்தாழ 327 கிராம், ஒரு தெனாரியஸ் நாணயத்துக்கு 16 ஆஸ் என்னும் சில்லறைக் காசு. அப்படியானால் ஒரு கிராம் முதல்தரத் தூபத்தின் விலை மூன்றில் ஒரு பங்கு ஆஸுக்கும் குறைவு. பொம்பெய் மதுக்கடைச் சுவரில் உள்ள கிறுக்கல் ஒன்று, ஓர் ஆஸ் கொடுத்தால் குடிக்கலாம், இரண்டு கொடுத்தால் நல்லதாகக் குடிக்கலாம், நான்கு கொடுத்தால் ஃபலேர்னியன் மதுவே கிடைக்கும் என்கிறது. நாளுக்கு ஒரு கிராம் என்று வைத்தால், மிக மலிவான ஒரு குவளை மதுவின் விலையில் மூன்று நாள் பூசை நடந்துவிடும். ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தில் 65 தங்கல்களைக் கடந்து காஸாவுக்கு வந்து சேர்ந்த பொருள் ஏழையின் அடுப்படிக்கும் எட்டியது, சிட்டிகைக் கணக்கில் செலவானதால்தான்.

கடைசியாக ஒன்று. பழங்காலத்தில் யூப்ரடீஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும் தூபமும் கிடையாது, இந்தியாவிலிருந்து வரும் கோஷ்டம் என்னும் மணவேரும் கிடையாது, பலிபீடத்தில் சபைன் நாட்டு மூலிகையும் படபடவென்று வெடித்து எரியும் லாரல் இலையும்தான் புகைந்தன என்று ஓவிட் எழுதுகிறார். உங்கள் படத்தில் ஒரு பாட்டி வருவாரானால் அவர் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளலாம்.

ஒளிப்பட்டை

படத்தொகுப்பாளரின் கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. ஒளிப்பதிவு உதவியாளனாகச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் வேலையே, தட்டில் நெருப்புக் கங்குகளை நிரப்பிச் சாம்பிராணித் தூளைத் தூவிக்கொண்டு தளத்தின் மூலைமுடுக்கெல்லாம் ஓடுவதுதான். இயந்திரப் புகை எங்களுக்குக் கட்டுப்படியாகாத காலம் அது. மாலையில் வீடு திரும்பினால் கோயிலுக்குப் போய் வந்தாயா என்று கேட்பார்கள். தளம் முழுவதும் மணக்கும், படச்சுருளில் ஒரு துளி மணமும் ஏறாது.

காமிராவைப் பொறுத்தவரை புகை என்பது ஒளி வந்து தங்குவதற்கான இடம். காற்று தூய்மையாக இருந்தால் சன்னல் வழியே வரும் கதிர் எங்கே விழுகிறதோ அங்கே மட்டும்தான் தெரியும். புகை இருந்தால் கதிரே ஒரு தூணாக நிற்கும். பின்னாலிருந்து ஒளி வந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். அதோடு, ஒரே காட்சியைப் பத்துக் கோணங்களில் எடுக்கும்போது எல்லா ஷாட்டிலும் புகையின் அடர்த்தி ஒன்றாக இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தொகுப்பில் கன்டின்யூட்டி உடைந்துவிடும். அதனால்தான் கதவுகளை அடைத்து, அறை முழுவதும் ஒரே சீராகப் பனிமூட்டம் போலப் பரப்பி வைக்கிறோம். நீங்கள் பார்த்த படங்களின் அறைகள் அப்படி இருப்பதற்கு, பக்தியைவிட இந்தத் தொழில் வசதிதான் பெரிய காரணம். பழஞ்சுவடி சொல்லும் ஒற்றைச் சிட்டிகைப் புகை நூல் போல எழுந்து சில நிமிடங்களில் கலைந்துவிடும். அதை வெட்டி ஒட்டவே முடியாது, ஒரே ஷாட்டாக எடுக்க வேண்டும்.

மணத்தைத் திரையரங்கத்துக்குள் கொண்டுவர முயலாமல் விட்டுவிடவில்லை. 1959 டிசம்பரில் ‘பிஹைண்ட் தி கிரேட் வால்’ என்ற ஆவணப்படத்தை அரோமாராமா என்ற முறையில், குளிர்சாதனக் குழாய்களின் வழியே மணங்களைச் செலுத்தித் திரையிட்டார்கள். அறுத்த ஆரஞ்சுப் பழத்தில் தொடங்கிய அந்த மணங்களின் வரிசையில் ஊதுபத்தி மணமும் இருந்தது. சில வாரங்களிலேயே, 1960 ஜனவரியில், மைக் டாட் ஜூனியர் தயாரித்த ‘சென்ட் ஆஃப் மிஸ்டரி’ வந்தது. அதற்கு ஹான்ஸ் லாபே அமைத்த ஸ்மெல்-ஓ-விஷன் முறையில், ஒவ்வோர் இருக்கைக்கும் தனிக் குழாய் வைத்து மணத்தை அனுப்பினார்கள். குழாய் சீறும் ஓசை கேட்டது, மாடி இருக்கைகளுக்கு மணம் காலந்தாழ்ந்து போய்ச் சேர்ந்தது. மணத்தை அனுப்புவதைவிட, ஏற்கெனவே அனுப்பிய மணத்தைத் திரும்ப அழைப்பதுதான் கடினம் என்பதை இரண்டு முயற்சிகளும் காட்டின. 1981இல் ‘பாலியெஸ்டர்’ படத்துக்காக எண்ணிட்ட அட்டைகளைக் கொடுத்து, திரையில் எண் தோன்றும்போது சுரண்டி முகரச் சொன்னார்கள். அது ஒரு கேலியாகவே நின்றது.

இதில் ரோமானியர் நமக்கு மூத்தவர்கள் என்பதுதான் வேடிக்கை. மேடையில் சிலிசியாக் குங்குமப்பூ நீரைத் தெளித்திருப்பதையும், அருகிலிருக்கும் பலிபீடத்திலிருந்து நறும்புகை எழுவதையும் லுக்ரீஷியஸ் தம் நெடும்பாடலில் போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். பொம்பெய்ச் சுவர்களில் எழுதியிருக்கும் விளையாட்டு அறிவிப்புகளிலும், வெயிலுக்குப் பந்தல் உண்டு, நறுநீர்த் தெளிப்பு உண்டு என்ற வாக்குறுதிகள் இருக்கின்றன. அவர்களுடைய பார்வையாளர் மூக்கோடு அரங்கத்துக்கு வந்தார். நம்மவர் மூக்கை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஆகவே எங்கள் கலையில் மணத்தைக் காட்ட ஒரே வழி, அதை முகரும் இன்னொருவர் முகத்தைக் காட்டுவதுதான்.

சலாலாவாசி

சொல்லைப் பற்றிய சண்டையில் நுழைகிறேன். ஓமான் நாட்டுச் சலாலாவில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரோமானியர் ‘துஸ்’ என்று அழைத்ததும், இங்கே கடைத்தெருவில் மூட்டை மூட்டையாக விற்கும் லுபானும் ஒன்றே. அது தென்னரேபியாவிலும் ஆப்பிரிக்காவின் கொம்பு முனையிலும் வளரும் பாஸ்வெல்லியா மரத்தின் பிசின். தோஃபார் மலைக்குப் பின்புறத்து வறண்ட பள்ளத்தாக்குகளில் மரப்பட்டையைச் சிறு உளி போன்ற கத்தியால் சீவிவிடுகிறார்கள். பால் போலக் கசிந்து துளித்துளியாக இறுகியதும் சுரண்டி எடுக்கிறார்கள். ஹோஜரி என்னும் உயர்தரம் வெளிர் பச்சையாக, கற்கண்டு போல இருக்கும்.

நம் வீடுகளில் சாம்பிராணி என்று வாங்குவது வேறு மரத்துப் பிசின். சுமத்ரா போன்ற கிழக்குத் தீவுகளிலிருந்து வரும் ஸ்டைராக்ஸ் பிசினின் மணத்தில் வெனிலாவை ஒத்த ஓர் இனிப்பு உண்டு. லுபானில் அது கிடையாது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போலவும், பச்சைத் தேவதாருக் கட்டையை இழைத்தது போலவும், கொஞ்சம் மிளகு போலவும் இருக்கும். கம்ப்யூட்டர் சாம்பிராணியைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது பெரும்பாலும் கரித்தூளும் வாசனை எண்ணெயும்தான். தமிழில் இந்தக் குழப்பம் புதிதல்ல. மத்தேயு நற்செய்தியில் ஞானியர் கொண்டுவரும் காணிக்கையைப் பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு ‘தூபவர்க்கம்’ என்கிறது, திருவிவிலியம் ‘சாம்பிராணி’ என்கிறது. குந்துருக்கம், குங்கிலியம் என்ற சொற்களும் இருக்கின்றன, ஆனால் நாட்டுமருந்துக் கடையில் அந்தப் பெயர்களைச் சொன்னால் கடைக்குக் கடை வேறு வேறு பிசினை எடுத்துத் தருவார்கள். வசனத்தில் வெறுமனே ‘தூபம்’ என்று எழுதிவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. ‘சாம்பிராணி’ என்று கேட்டவுடன் தமிழ்ப் பார்வையாளரின் மனத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தையின் தலைமுடி மணந்துவிடும். அது உங்கள் பொம்பெய் வீட்டுக்குள் வரக்கூடாத விருந்தாளி.

மாடக்குழி

மூவருக்கும் மிக்க நன்றி. மெழுகுவத்திகளைத் தூக்கிவிட்டு எண்ணெய் அகல்களை வைத்துக்கொள்கிறோம், காட்சியையும் அடுப்படிக்கு மாற்றிவிட்டோம். மகளே தூபம் இடுகிறாள். ஒளிப்பட்டை அவர்கள் கடைசியாகச் சொன்னது எங்களை வேறு திசையில் இழுக்கிறது. மணத்தை இன்னொருவர் முகர்ந்து காட்ட வேண்டும் என்றால், அப்படி முகர்வதால் கதையில் ஏதாவது நடந்தாக வேண்டும் அல்லவா? ரோமானிய வாழ்வில் தூபத்தின் மணமே ஒருவரைக் காட்டிக்கொடுத்த சூழல் ஏதேனும் உண்டா?

பழஞ்சுவடி

உண்டு. ஆனால் பொம்பெய் புதைந்து முந்நூறு ஆண்டுகள் கழித்துத்தான்.

அதற்கு முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது. ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியா மாகாணத்தின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, கிறித்தவர் என்று குற்றம்சாட்டப்பட்டவர்களைப் பேரரசர் திராயனின் உருவத்தின் முன்னால் தூபமும் மதுவும் படைக்கச் சொல்லிச் சோதித்தார். படைத்தவர் விடுதலை பெற்றார். அதாவது தூபம் இடாதவர் குற்றவாளி. 392 நவம்பர் 8 அன்று பேரரசர் தியோடோசியஸின் பெயரில் வந்த சட்டம் தூபம் இட்டவரைக் குற்றவாளியாக்கியது. வீட்டுக்குள் மறைவாகச் செய்யும் வழிபாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. லாரை நெருப்பாலும், ஜீனியஸை மதுவாலும், பெனாதெஸ் என்னும் சேமிப்பறைத் தெய்வங்களை நறுமணத்தாலும் யாரும் வழிபடக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, தூபம் இடக் கூடாது, மாலை தொங்கவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறது. வீட்டுப் பூசையின் செய்முறைக் குறிப்பு வேண்டுமென்றால், அதை அழிக்க வந்த இந்தச் சட்டத்தில் இருப்பதைப் போலச் சுருக்கமாக வேறெங்கும் கிடைக்காது என்று எனக்கு அடிக்கடித் தோன்றுவதுண்டு.

உங்களுக்கு வேண்டிய வரி அதன் பின்பகுதியில் இருக்கிறது. தூபத்தின் ஆவியால் புகைந்ததாக நிலைநாட்டப்படும் இடங்கள் எல்லாம், அவை தூபமிட்டவரின் உடைமை என்று மெய்ப்பிக்கப்பட்டால், அரசுக் கருவூலத்துக்குச் சேரும். பிறருடைய வீட்டிலோ நிலத்திலோ உரிமையாளருக்குத் தெரியாமல் செய்தால் 25 ராத்தல் பொன் தண்டம். ஒரு சிட்டிகைக்கு ஒரு வீடே விலை. மாலையை அடுப்பில் போட்டுவிடலாம், சிலைகளைப் பெட்டியில் ஒளித்துவிடலாம், மதுவைக் குடித்துவிடலாம். மணத்தை எங்கே ஒளிப்பது?

ஒளிப்பட்டை

அப்படியானால் காலத்தை 392க்கு மாற்றுங்கள். அடுப்படியையும் மகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அவள் தூபம் இட்டு முடித்திருக்கிறாள், வாசலில் யாரோ வந்து நிற்கிறார். புகை கலைந்துவிட்டதால் திரையில் எதுவும் தெரியக் கூடாது. வந்தவர் உள்ளே காலெடுத்து வைக்கும்போது ஒரு நொடி நிற்கிறார், அவ்வளவுதான். புகை இருந்தால் இந்த ஷாட் கெட்டுவிடும். இருபது ஆண்டுகளாக புகை போட்டே பிழைத்தவன் சொல்கிறேன், இந்த ஒரு காட்சிக்குப் புகை வேண்டாம்.

ஒலியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பிசின் கங்கில் விழும்போது ஓசை வருமா என்பதைச் சலாலாவாசி சொல்லட்டும்.

சலாலாவாசி

வரும். நேற்றிரவு உங்களுக்காகவே அடுக்களையில் போட்டுப் பார்த்தேன். கடலைப் பருப்பளவு துண்டு ஒன்று கங்கின் மேல் விழுந்ததும் முதலில் ஓசையில்லாமல் பளபளத்து இளகுகிறது. பிறகு நெய்யில் தண்ணீர் பட்டது போல மெல்லச் சீறிக் குமிழியிட்டு, வெண்புகை நேராக எழுகிறது. நல்ல எலுமிச்சை மணம் முதல் சில நிமிடங்கள்தான், அதன் பிறகு கருகல் வாடை மேலோங்கிவிடுகிறது. உங்கள் மகள் அந்தக் கருகல் தொடங்குவதற்குள் மிச்சத்தைக் குச்சியால் தள்ளி எடுத்துவிடுவாள். அன்றாடம் செய்பவளின் கை அப்படித்தான் பழகியிருக்கும். வந்தவர் காலையில் வந்தாலும் மாலையில் வந்தாலும் மணம் இருக்கும் என்பதில் ஐயம் வேண்டாம். இன்று மதியம் வந்த பக்கத்து அறை நண்பர், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டார்.

படப்பிடிப்பன்று கங்கில் சாம்பல் பூத்திருந்தால் ஊதிவிட்டுப் பிறகு போடுங்கள். சாம்பலின் மேல் போட்டால் சீறாமல் உருகி ஓரமாக வழிந்துவிடும். விலாசத்தைத் தனிமடலில் அனுப்பினால், விடுமுறையில் ஊருக்கு வரும் ஒருவர் கையில் கால் கிலோ கொடுத்தனுப்புகிறேன். ஹோஜரி அல்ல, மூன்றாந்தரம்தான். அந்த வீட்டுக்கு அதுதான் பொருந்தும்.